ஸ்பானிய மொழியில் ‘எனக்கு, உனக்கு, அவருக்கு’: புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகள் மராமத்துக்கும் வர்ணத்துக்குமாகக் கரையில் நிற்கும் அந்த நாட்களில், தங்கச்சிமடத்தில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு ஐந்தாறு இளைஞர்கள் ஸ்பானிய மொழி கற்க வருகிறார்கள். பெரும்பாலும் கப்பல் வேலைக்குப் போக எண்ணுபவர்கள். நான் அந்த மொழியை வகுப்பறையில் கற்றவன் அல்லன். சரக்குக் கப்பல் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், பெரு நாட்டைச் சேர்ந்த சமையற்காரர் ஒருவரிடம் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து கற்றேன்.

முதல் மாதத்திலேயே அவரிடம் நான் செய்த பிழை ஒன்று இந்தக் கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. எனக்கு மீன் பிடிக்கும் என்று சொல்ல நினைத்து, பள்ளியில் படித்த ஆங்கில வாக்கியத்தின் அச்சில் வார்த்து, ‘யோ கூஸ்தொ’ என்று தொடங்கினேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, ‘அ கியேன்?’ என்று கேட்டார். ‘யாருக்கு?’ என்பது அதன் பொருள். நான் சொன்னது ‘நான் பிடித்தமானவனாக இருக்கிறேன்’ என்பது போல அவர் காதில் விழுந்திருக்கிறது. யாருக்கு என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. தமிழில் யோசித்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. ‘நான் மீனைப் பிடிக்கும்’ என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. ‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்றுதான் சொல்கிறோம், ஸ்பானியரும் அப்படியே சொல்கிறார்கள்.

ஆகவே என் வழி இதுதான். நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’வைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பகுதிக்குள் நுழையுங்கள்; ஆங்கிலத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ‘கு’ உங்களைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது தடம் மாற்றும் இடங்களையும் சொல்கிறேன், அவற்றுக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

முன்னதாக, ஒலி பற்றிச் சிறிது

ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். நெடிலை நம் அளவுக்கு இழுக்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் குரலைச் சற்று ஊன்றினால் போதும். எகர ஒகரக் குறில்கள் நம்மிடம் இருப்பது பெரிய வசதி. ‘எனக்கு’, ‘உனக்கு’ என்பவற்றுக்கு அவர்கள் வழங்கும் சிறு சொற்கள் எல்லாம் அழுத்தமின்றிக் குறுகி ஒலிப்பவை.

தமிழில் ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி உண்டு என்பதை நம் ஊர்ப் பெயர்களைக் கொண்டே நினைவில் வைக்கலாம். ‘தங்கச்சிமடம்’ என்பதன் முதல் தகரம் வல்லோசை. ‘வேதாளை’யின் தகரம் மெல்லியது. ‘பாம்பன்’ என்ற ஒரே பெயரில் இரு வகைப் பகரமும் உள்ளன. உனக்கு என்னும் பொருள்தரும் ‘தெ’ தங்கச்சிமடத்துத் தகரத்தைக் கொண்டது. கொடுத்தலைக் குறிக்கும் ‘தார்’ என்ற வினையிலும் அதிலிருந்து வரும் தோய் (தருகிறேன்), தா (தருகிறார்) என்பவற்றிலும் இருப்பது மெலிந்த தகரம். ‘கூஸ்த’ என்பதன் ககரத்தைக் ‘குரு’ என்று சொல்லும்போது வரும் ககரமாக ஒலியுங்கள். தருவதற்கு அவர்களும் ‘தா’ என்கிறார்களே என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வியக்கிறார்கள். அது தற்செயலான ஒற்றுமை, ஆனால் மனப்பாடத்துக்கு உதவும் ஒற்றுமை என்பதால் நான் தடுப்பதில்லை.

முதல் படி: ஆறு சொற்கள்

எனக்கு என்பதற்கு மெ. உனக்கு என்பதற்குத் தெ. அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு, அதற்கு என்ற நான்கிற்கும் ஒரே சொல், லெ. எங்களுக்கு, நமக்கு இரண்டிற்கும் நொஸ். அவர்களுக்கு, அவற்றுக்கு என்பதற்கு லெஸ். ஆறாவதாகிய ஒஸ் என்பது நெருங்கிப் பழகும் பலரை நோக்கி ‘உங்களுக்கு’ என்று சொல்ல ஸ்பெயினில் வழங்குவது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் அதற்கும் லெஸ் என்றே சொல்வார்கள். கப்பலில் உங்களுடன் வேலை செய்பவர்கள் பெரு, ஹோண்டுராஸ் போன்ற நாட்டினராக இருந்தால் ஒஸ் உங்கள் காதில் விழவே விழாது. அதைக் கேட்டால் புரிந்துகொள்ளும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாதைப் பன்மை நமக்குப் புதிதல்ல. வயதில் மூத்த ஒருவரை ‘நீங்கள்’ என்று அழைப்பதைப் போல அவர்கள் ‘உஸ்தேத்’ என்கிறார்கள். ஆனால் இலக்கணத்தில் அந்தச் சொல் படர்க்கையைப் போல நடக்கும். அதனால் ஒருவரை மட்டும் நோக்கி மரியாதையாக ‘உங்களுக்கு’ என்று சொல்லும்போது லெ வரும். கேப்டனிடம் ‘தெ தோய்’ என்று சொல்லிவிட்டு ‘உனக்குத் தருகிறேன்’ என்றோமே என்று பிறகு வருந்துவதைவிட, ஐயமாக இருந்தால் லெ என்று தொடங்குவது நல்லது.

ஒரு லெ இத்தனை பேரைச் சுட்டினால் குழப்பம் வராதா என்று கேட்பார்கள். வரும். அதை நீக்கும் முறை ஐந்தாம் படியில் இருக்கிறது.

இரண்டாம் படி: எங்கே வைப்பது

காலமும் இடமும் காட்டி நிற்கும் வினைமுற்றுக்கு முன்னால், அதை ஒட்டி வைக்க வேண்டும். ‘மெ தா யேலொ’ என்றால் ‘எனக்கு ஐஸ் தருகிறார்’. யேலொ என்பது ஐஸ். நம் கரையில் படகு கிளம்பும் முன் அதிகம் கேட்கும் சொல் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். ‘லெ தோய் யேலொ’ என்றால் ‘அவருக்கு ஐஸ் தருகிறேன்’.

இங்கே தமிழர் தவறும் ஓர் இடம் உண்டு. ‘எனக்கு நாளைக் காலையில் ஜெட்டியில் வைத்து ஐஸ் தருவார்’ என்று நாம் ‘எனக்கு’வையும் ‘தருவார்’ என்பதையும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பிரித்து வைக்கலாம். ஸ்பானிய மொழியில் மெ என்பதற்கும் தா என்பதற்கும் நடுவே வேறு எதுவும் நுழையக்கூடாது. நுழையலாம் என்றால் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு சிறு சொல் மட்டுமே. எதிர்மறைச் சொல்லாகிய ‘நோ’ கூட இணையைப் பிரிக்காமல் முன்னால்தான் நிற்கும்: ‘நோ லெ தோய் யேலொ’, அதாவது ‘அவருக்கு ஐஸ் தருவதில்லை’.

வினை எச்சமாகவோ பெயராகவோ நின்றால் இந்தச் சொல் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். ‘கியேரொ தார்லெ யேலொ’ என்பது ‘அவருக்கு ஐஸ் தர விரும்புகிறேன்’. இதையே ‘லெ கியேரொ தார் யேலொ’ என்று முன்னால் தூக்கி வைத்தும் சொல்லலாம், பொருள் மாறாது. ஏவலிலும் வாலில்தான் ஒட்டும்: ‘தாமெ யேலொ’, ‘எனக்கு ஐஸ் தா’. ஆனால் தராதே என்று விலக்கும்போது மறுபடியும் முன்னால் போய்விடும்: ‘நோ மெ தேஸ் யேலொ’.

ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்ததும் பலர் ‘தீகமெ’ என்பார்கள். ‘எனக்குச் சொல்லுங்கள்’ என்று அதைப் பிரிக்கலாம். நாம் போனை எடுத்து ‘சொல்லுங்க’ என்கிறோமே, அதுதான். வாலில் ஒட்டும் விதியை இந்த ஒரு சொல்லோடு சேர்த்து நினைவில் வைத்தால் மறக்காது.

மூன்றாம் படி: பிடிக்கும், வலிக்கிறது, தோன்றுகிறது

நமக்கு இயல்பாக வருகின்ற, ஆங்கில வழியாக வருபவர்கள் மாதக்கணக்கில் திணறுகின்ற பகுதி இது. ‘மெ கூஸ்த எல் கலமார்’ என்றால் ‘எனக்குக் கணவாய் பிடிக்கும்’. பிடிக்கின்ற பொருளே எழுவாய். பிடித்துப்போன ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பொருள் பலவாக இருந்தால் வினையும் பன்மையாகும்: ‘மெ கூஸ்தன் லொஸ் கலமாரெஸ்’. ‘பிடிக்கும்’ என்ற நம் சொல் பன்மைக்கு மாறாது என்பதால் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு நான் வேறொரு வினையைக் காட்டுவேன். எழுத்துத் தமிழில் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றும் ‘எனக்குக் கால்கள் வலிக்கின்றன’ என்றும் எழுதுகிறோம். ஸ்பானிய மொழியிலும் ‘மெ துவேலெ ல கபேஸ’, ‘மெ துவேலென் லொஸ் பியேஸ்’. ஒன்றன்பால், பலவின்பால் வேறுபாடு இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது.

‘எல்’, ‘ல’, ‘லொஸ்’ என்று பெயருக்கு முன் வரும் சுட்டுகளை விட்டுவிடாதீர்கள். ‘மெ கூஸ்த கலமார்’ என்று மொட்டையாகச் சொன்னால் புரியும், ஆனால் காதில் இடறும்.

இதே குடும்பத்தில் இன்னும் பல வினைகள் உள்ளன. ‘மெ பரேஸெ காரொ’, ‘எனக்கு விலை கூடுதலாகத் தோன்றுகிறது’. ‘நொஸ் ஃபால்த யேலொ’, ‘எங்களுக்கு ஐஸ் குறைகிறது’. ‘நொஸ் ஸோப்ர யேலொ’, ‘எங்களுக்கு ஐஸ் மிஞ்சுகிறது’. ஒவ்வொன்றிலும் தமிழ் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தால் ‘எனக்கு’, ‘எங்களுக்கு’ தானாகவே முன்னால் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒருவரைப் பார்த்து ‘மெ கூஸ்தஸ்’ என்றால் சொற்பொருள் ‘எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது’ என்பதுதான். வழக்கில் அது காதல் சொல்லும் பேச்சு. நல்ல மனிதர், பழகப் பிடிக்கிறது என்ற அளவில் சொல்ல ‘மெ காயெஸ் பியேன்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடன் வேலை செய்பவர்களிடம் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

உடலுறுப்பைப் பற்றிய வழக்கும் இங்கேயே வருகிறது. ‘குழந்தைக்குக் கை கழுவிவிடுகிறேன்’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘லெ லாபொ லஸ் மானொஸ் அல் நீன்யொ’ என்கிறார்கள். குழந்தையின் கைகளை என்று உடைமை காட்டுவதில்லை. குழந்தைக்கு, கைகளை என்றே வரும். முடி வெட்டிவிடுவது, சட்டை போட்டுவிடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் இந்தப் பாணிதான். பிறருக்குச் செய்யும் பணிவிடையை நம்மைப் போலவே ‘கு’ போட்டுச் சொல்லும் மொழியை அந்நிய மொழி என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

நான்காம் படி: ‘கு’ தடம் மாற்றும் இடங்கள்

இந்தப் படிக்கு மூன்று நாட்களாவது ஒதுக்குங்கள். ‘கு’ கைகொடுக்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பிழைகள் தொடங்குகின்றன.

முதல் வகை, தமிழில் ‘எனக்கு’ இருந்தும் ஸ்பானிய மொழியில் மெ வராத இடங்கள். நாம் உடைமையையும் உடல்நிலையையும் அறிவையும் ‘எனக்கு’ போட்டுச் சொல்கிறோம். அவர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றை ‘என்னிடம் உள்ளது’ என்ற கருத்தைத் தரும் ‘தேங்கொ’ என்ற வினையால் சொல்கிறார்கள். எனக்குப் பசிக்கிறது என்பது ‘தேங்கொ ஆம்ப்ரெ’. எனக்குக் காய்ச்சல் என்பது ‘தேங்கொ ஃபியேப்ரெ’. எனக்கு வயது இருபது என்பது ‘தேங்கொ பேய்ன்தெ ஆன்யொஸ்’. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பது ‘தேங்கொ தோஸ் ஈஹொஸ்’. எதிலும் மெ இல்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்பதை ‘ஸே தமீல்’ என்றும், எனக்குப் புரிகிறது என்பதை ‘என்தியேந்தொ’ என்றும், எனக்கு வேண்டும் என்பதைக் ‘கியேரொ’ என்றும் தன்மை வினையாகவே சொல்ல வேண்டும். பயம் போன்ற சிலவற்றுக்கு இரண்டு வழியும் உண்டு: ‘தேங்கொ மியேதொ’ என்றும் சொல்லலாம், இன்னது எனக்குப் பயத்தைத் தருகிறது என்ற பாணியில் ‘மெ தா மியேதொ’ என்றும் சொல்லலாம்.

இரண்டாம் வகை, தமிழில் ‘கு’ இல்லாமல் ‘இடம்’ வரும் இடங்கள். அவரிடம் கேட்கிறேன் என்பது ‘லெ ப்ரெகூன்தொ’. அவரிடம் சொல்கிறேன் என்பது ‘லெ தீகொ’. நம் காதில் ‘இடம்’ என்று ஒலித்தாலும் அங்கே லெதான். அவரிடமிருந்து என்று பிரிந்து வரும் பொருளுக்கும் அதே லெ போதும் என்பது இன்னும் வியப்பு. ‘லெ ரொபாரொன் எல் தெலேஃபொனொ’ என்றால் ‘அவரிடமிருந்து போனைத் திருடிவிட்டார்கள்’. திருடியவர்கள் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனாலும் நட்டம் அவருக்கு. நம் இலக்கணம் நான்காம் வேற்றுமையின் பொருள்களாகக் கொடையையும் பகையையும் அடுத்தடுத்து வைத்திருப்பதை நினைத்துக்கொண்டால் இது அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

இதன் விளைவாக, ‘லெ கோம்ப்ரொ பெஸ்காதொ அ செல்வி’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கிடைக்கிறது. செல்விக்காக மீன் வாங்குகிறேன் என்றும் கொள்ளலாம், செல்வியிடமிருந்து மீன் வாங்குகிறேன் என்றும் கொள்ளலாம். செல்வி மீன் விற்பவர் என்று தெரிந்தால் இரண்டாவது பொருள். செல்வி வீட்டில் காத்திருப்பவர் என்றால் முதலாவது. எது என்பதைச் சூழல்தான் சொல்லும். ‘செல்விக்காக’ என்று ஐயமில்லாமல் சொல்ல வேண்டுமானால் ‘பர செல்வி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகைதான் கடினம்: இரண்டாம் வேற்றுமையாகிய ‘ஐ’யும் நான்காம் வேற்றுமையாகிய ‘கு’வும் இடம் மாறும் இடங்கள். ‘ஐ’க்கு ஸ்பானிய மொழியில் ஆணுக்கும் ஆண்பால் பெயர்களுக்கும் லொ, பெண்ணுக்கும் பெண்பால் பெயர்களுக்கும் ல என்று வேறு சொற்கள் உள்ளன. அவனைப் பார்க்கிறேன் என்றால் ‘லொ பேயொ’. அவளைப் பார்க்கிறேன் என்றால் ‘ல பேயொ’. பெரும்பாலும் தமிழில் ‘ஐ’ வரும் இடத்தில் இவை வரும், ‘கு’ வரும் இடத்தில் லெ வரும். ஆனால் அவனுக்குப் போன் செய்கிறேன் என்று நாம் சொல்வது அங்கே ‘லொ யாமொ’. அவனை அழைக்கிறேன் என்ற வடிவம். அவனுக்காகக் காத்திருக்கிறேன் என்பது ‘லொ எஸ்பேரொ’. எதிர்த்திசையில், அவனை அடிக்கிறேன் என்பது ‘லெ பேகொ’. அவன் சொல்வதை நம்புகிறேன் என்பது ‘லெ க்ரேயொ’. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. உதவுதலைக் குறிக்கும் ‘அயுதார்’ என்ற வினையில் லொ, லெ இரண்டையும் கேட்பீர்கள். எதைச் சொன்னாலும் யாரும் திருத்தமாட்டார்கள்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. மனிதரைச் செயப்படுபொருளாகச் சொல்லும்போது அவர்கள் பெயருக்கு முன் ‘அ’ என்ற சிறு சொல்லை வைப்பார்கள். ‘பேயொ அ செல்வி’ என்றால் ‘செல்வியைப் பார்க்கிறேன்’. ‘அ’வைக் கண்டதும் அது ‘கு’ என்று எண்ணி லெ போட்டுவிடக் கூடாது. பெயரை நீக்கித் தமிழில் கேட்டுப்பாருங்கள்: செல்வியையா, செல்விக்கா? செல்வியை என்பதால் ‘ல பேயொ’.

ஸ்பெயின்காரர்கள் ஆண் ஒருவரைப் பார்த்ததைச் சொல்லும்போது ‘லெ’ என்றே சொல்வதையும் கேட்பீர்கள். 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் ஓர் ஆணைக் குறிக்கும்போது மட்டும் அதை ஏற்றுக்கொள்கிறது. மத்திய ஸ்பெயினில் சிலர் ‘அவளுக்கு’ என்ற இடத்தில் ‘ல’ போடுவதை அந்தக் கழகம் ஏற்பதில்லை. கற்கும் காலத்தில் இரண்டையும் பின்பற்ற வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒரே ஆளை இரண்டு முறை சொல்வது

‘லெ தோய் யேலொ அ செல்வி’ என்ற வாக்கியத்தில் ‘லெ’யும் இருக்கிறது, ‘அ செல்வி’யும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அவளுக்கு ஐஸ் தருகிறேன், செல்விக்கு’ என்று வரும். ஒன்று மிகை என்று தோன்றி மாணவர்கள் ‘லெ’யை வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். பேச்சில் இரண்டும் சேர்ந்து வருவதே இயல்பு. ‘கூஸ்த’ போன்ற வினைகளில் பெயர் வந்தாலும் லெ கட்டாயம்: ‘அ செல்வி லெ கூஸ்த எல் கலமார்’.

லெ யாரைச் சுட்டுகிறது என்ற குழப்பத்தை நீக்குவதும் இந்த இரட்டிப்புதான். அ ஏல் என்றால் அவனுக்கு, அ ஏய என்றால் அவளுக்கு, அ உஸ்தேத் என்றால் உங்களுக்கு. ‘எனக்குத்தான்’ என்று நம் ‘தான்’ செய்யும் வேலையை ‘அ மீ மெ கூஸ்த’ என்பதில் ‘அ மீ’ செய்கிறது. ஆனால் ‘அ மீ’ மட்டும் தனியே நின்று மெ செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. ‘அ மீ கூஸ்த’ என்பது பிழை.

ஆறாம் படி: எனக்கு அதை, அவருக்கு அதை

இரண்டு சிறு சொற்கள் சேர்ந்து வந்தால் ‘கு’ முன்னே, ‘ஐ’ பின்னே. தமிழில் ‘எனக்கு அதைத் தருகிறார்’ என்று நாம் வைக்கும் வரிசையே ‘மெ லொ தா’ என்பதிலும் இருக்கிறது. ஏவலில் இரண்டும் வாலில் ஒட்டும்: ‘தாமெலொ’, ‘எனக்கு அதைத் தா’.

லெ அல்லது லெஸ் முதலில் வந்து அடுத்து லொ, ல வந்தால் மட்டும் லெ மாறி ஸெ ஆகிவிடும். அவருக்கு அதைத் தருகிறேன் என்பது ‘லெ லொ தோய்’ அன்று, ‘ஸெ லொ தோய்’. இரண்டு லகரம் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு நன்றாக இராது என்று சிலர் காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இடைக்கால ஸ்பானிய மொழியில் இந்த இணையின் முதற்பகுதிக்கு லெ அல்லாத வேறொரு வடிவம் வழங்கியது. அதன் ஒலி காலப்போக்கில் மாறி, ஏற்கெனவே மொழியில் இருந்த ஸெ என்ற சொல்லோடு கலந்துவிட்டது. புணர்ச்சி விதி போல ஏற்றுக்கொண்டு மேலே போகலாம்.

ஏழாம் படி: மறந்துவிட்டது, தீர்ந்துவிட்டது

இதைத் தொடக்கநிலைப் புத்தகங்கள் கடைசிக்குத் தள்ளிவைக்கின்றன. தமிழருக்கு முன்கூட்டியே கொடுக்கலாம் என்பது என் கருத்து. நம் குற்றம் இல்லாமல், அல்லது குற்றத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், ஒன்று தானாக நடந்துவிட்டதாகச் சொல்லும் பாணி நம்மிடமும் உண்டு. ‘நான் மறந்தேன்’ என்று சொல்வதைவிட ‘எனக்கு மறந்துவிட்டது’ என்று சொல்வதே நமக்கு எளிது. அதற்கு ‘ஸெ மெ ஒல்பிதோ’. எங்களுக்கு ஐஸ் தீர்ந்துவிட்டது என்பது ‘ஸெ நொஸ் அகபோ எல் யேலொ’. எங்கள் வலை கிழிந்துபோயிற்று என்பது ‘ஸெ நொஸ் ரொம்பியோ ல ரேத்’. கிழித்தவர் யார் என்று வாக்கியம் சொல்லாது. நட்டப்பட்டவர் ‘நொஸ்’ என்ற சொல்லில் இருக்கிறார்.

பயிற்சி

கீழ்க்கண்ட முறையில் ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று, காதில் விழும் தமிழ்ப் பேச்சில் ‘கு’ வரும் வாக்கியங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு கிலோ போடு, எனக்குக் கட்டுப்படியாகாது, நமக்கு வேண்டாம் என்று பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் நிரம்பும். ஸ்பெயினில் இத்தகைய ஏலக்கூடத்தை ‘லோன்ஹ’ என்பார்கள். வீகோ போன்ற மீன்பிடித் துறைமுக நகரங்களில் அதிகாலையில் நடப்பதும் ஏறத்தாழ இதே பேச்சுதான். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: மெ, லெ வகை; தேங்கொ, கியேரொ வகை; லொ, ல வகை. பிறகுதான் ஸ்பானிய வாக்கியத்தை அமைக்க வேண்டும். வகைப்படுத்தாமல் நேரே வாக்கியத்துக்குப் போனவர்கள் என் திண்ணையில் இரண்டாம் வாரத்திலும் ‘மெ தேங்கொ’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தொடங்குவதற்கு ஐந்து வாக்கியங்கள். செல்வி எங்களுக்கு நண்டு விற்கிறாள்: ‘செல்வி நொஸ் பேந்தெ கங்க்ரேஹொஸ்’. அவளுக்கு இறால் பிடிக்காது: ‘நோ லெ கூஸ்தன் லஸ் காம்பஸ்’, இறால் பலவாகையால் கூஸ்தன். உங்களுக்கு அதைத் தருகிறேன்: ‘ஸெ லொ தோய்’. எனக்குத் தாகமாக இருக்கிறது: ‘தேங்கொ ஸேத்’, மெ இல்லை. பாட்டிக்கு நகம் வெட்டிவிடுகிறேன்: ‘லெ கோர்தொ லஸ் ஊன்யஸ் அ மி அபுவேல’.

கடைசி வாக்கியத்தில் சென்ற ஆண்டு ஒரு பையன் ‘லஸ் ஊன்யஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ஸுஸ் ஊன்யஸ்’, அதாவது ‘அவருடைய நகங்கள்’ என்று எழுதி வந்தான். நகம் பாட்டியுடையது என்று சொல்ல வேண்டாமா என்று கேட்டான். வீட்டில் நீ அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று திருப்பிக் கேட்டேன். ‘அப்பத்தாவுக்கு நகம் வெட்டிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டுத் தானே தாளை வாங்கி ‘ஸுஸ்’ஸை அடித்தான்.